ஒரு மாத்திரையில் 5,000 கோடி பாக்டீரியா: ஈரல் கொழுப்பு கரையுமா?

வாசகி கேள்வி: எனக்கு வயது 54. ஊர் பள்ளத்தூர். வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். மணகோலம், தேன்குழல், அதிரசம், கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் எல்லாம். மூன்று மாதத்துக்கு முன்னால் வலது விலாவுக்குக் கீழே மந்தமாக இருக்கிறதே என்று ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் கல் இல்லை. ஆனால் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று எழுதியிருந்தார்கள். அப்போது ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 78, பிளேட்லெட் 2,10,000, மூன்று மாதச் சர்க்கரை 6.3. உயரம் 5 அடி, எடை 70 கிலோ. ஈரல் கெட்டுப்போக நான் என்ன குடிக்கிற ஆளா? சிங்கப்பூரில் இருக்கும் மகன் புரோபயாடிக் மாத்திரை வாங்கி அனுப்பினான். ஒரு மாத்திரையில் 5,000 கோடி நல்ல பாக்டீரியா இருப்பதாகப் போட்டிருக்கிறது. இரண்டு மாதம் சாப்பிட்டதில் எஸ்.ஜி.பி.டி. 61க்கு இறங்கிவிட்டது. எடையும் 68 ஆகியிருக்கிறது. நெய், எண்ணெய், மாலைப் பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மருமகளோ, “இதற்கு எதற்கு மாத்திரை, தயிரும் பழைய சோறும் போதாதா” என்கிறாள். டப்பா தீரப்போகிறது. அடுத்ததை வரவழைக்கட்டுமா, மருமகள் பேச்சைக் கேட்கட்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

ஆச்சி, இருக்கிற டப்பா தீரட்டும். அடுத்தது வேண்டாம். மருமகள் சொல்வதில் பாதி சரி. ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று, நீங்களே எழுதியனுப்பிய எண்களுக்குள் இருக்கிறது. மாத்திரையா தயிரா என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் கோபம். ‘நான் என்ன குடிக்கிற ஆளா’ என்று காரைக்குடியில் என் முன்னால் உட்கார்ந்து கேட்காத பெண்மணி இல்லை. சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரரை ஒரு பார்வை வேறு பார்ப்பார்கள். இந்த நோய்க்கும் குடிக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் வயதுவந்த மூன்று பேரை ஸ்கேன் எடுத்தால் ஒருவருக்கு இது இருக்கும் என்ற அளவுக்குப் பெருகிவிட்டது. முன்பு இதற்கு ‘குடியால் வராத கொழுப்பு ஈரல்’ என்றே பெயர். 2023இல் உலக அளவிலான கல்லீரல் மருத்துவர் சங்கங்கள் கூடி அந்தப் பெயரை எடுத்துவிட்டன. எதனால் வரவில்லை என்பதைச் சொல்வதைவிட எதனால் வருகிறது என்பதைச் சொல்லலாமே என்று, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த நோய் என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள். அதாவது இடுப்புச் சதை, சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு. உங்கள் மூன்று மாதச் சர்க்கரை 6.3. 5.7க்கு மேல் போனால் சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5 என்றால் உள்ளே. நீங்கள் படியில் நிற்கிறீர்கள். ஐந்தடி உயரத்துக்கு 70 கிலோ என்றால் பி.எம்.ஐ. 30. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பது கணக்கு. இடுப்பளவை நீங்கள் எழுதவில்லை. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தையல் டேப்பை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியைப் பற்றிப் பேசும்போதே ஒரு விசித்திரமான செய்தி. 2019இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒரு சொட்டு மது தொடாமலே, மாவுப் பண்டம் நிறையச் சாப்பிட்டால் போதை ஏறிவிடும் அவருக்கு. ஈரலிலோ கடுமையான கொழுப்பும் வீக்கமும். தேடிப் பார்த்ததில் அவர் குடலில் இருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, சாப்பிட்ட மாவையும் சர்க்கரையையும் ஆல்கஹாலாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த ஆய்வில் பார்த்த கொழுப்பு ஈரல் நோயாளிகளில் 60 சதவீதம் பேர் வரை இந்த வகைக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள், அந்த மனிதர் அளவுக்கு இல்லாவிட்டாலும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க நம் பக்கம் பரிசோதனையும் கிடையாது. குடலுக்குள் இருக்கும் கிருமிகளுக்கும் ஈரலுக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்பதற்குத்தான் இதைச் சொன்னேன். உங்கள் மகன் படித்ததிலும் அந்த மட்டும் பொய் இல்லை.

அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்றால், குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் மற்ற உறுப்புகளில் இருந்து கிளம்புவது போல நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற தனிப் பெருங்குழாய் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வந்துசேரும் ரத்தத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இந்த வழியில் வருவதுதான். நம் வீடுகளில் முகப்பில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி ஈரல். வருகிற சரக்கு எதுவானாலும் அவர் பார்த்துப் பிரித்து எழுதிய பிறகே வளவுக்குள் போகும். குடலின் உள்தோல் நன்றாக இருக்கிற வரைக்கும் சத்து மட்டும் வரும். அந்தத் தோலின் செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கம் தளர்ந்தால், பாக்டீரியாவின் வெளியுறைத் துணுக்குகளும் சேர்ந்து கசிகின்றன. எண்டோடாக்சின் என்று பெயர். ஈரலில் குடியிருக்கும் காவல் செல்கள் இதைப் பார்த்ததும், கிருமியே வந்துவிட்டது என்று சண்டைக்குக் கிளம்பிவிடும். ஏற்கெனவே கொழுப்பு ஏறிய ஈரலில் இந்தச் சண்டை நாள்தோறும் நடந்தால், அதுதான் வீக்கம். வீக்கம் வருஷக்கணக்கில் போனால் தழும்பு. தழும்பு ஈரல் முழுவதும் பரவிவிட்டால் சிரோசிஸ்.

எலிகளில் இது அழகாக நிரூபணமானது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள், 2004இல், அமெரிக்காவில். இரண்டே வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு 60 சதவீத அளவுக்கு ஏறியது. இத்தனைக்கும் முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டன. ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தது. அன்றிலிருந்துதான், ‘அப்படியானால் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் கொழுப்பு இறங்குமே’ என்ற ஆசை உலகத்துக்கு வந்தது. நியாயமான ஆசைதான். அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பாக்கள் அலமாரியை நிறைத்தன.

இப்போது உங்கள் 5,000 கோடியை எடுத்துக்கொள்வோம். எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு மனிதருடைய உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி, பெரும்பாலும் பெருங்குடலில். வகுத்துப் பாருங்கள், 760இல் ஒரு பங்கு வருகிறது. நிறைந்த கல்யாணப் பந்தியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி. அதுவும் உட்கார்ந்தால்தானே? மாத்திரை பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் குடியேறுவதே இல்லை. சாப்பிடும் வரை கடந்து போய்க்கொண்டிருக்கும். நிறுத்தினால் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் சுவடு இருக்காது. சிலருடைய குடல் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்வதில்லை.

கூட்டம் சின்னது என்பதற்காக வேலை நடக்காது என்று சொல்லிவிட முடியாது, அதனால் சோதித்தும் பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகள் நிறைய. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா, வேறு அளவு, எட்டு வாரம், பன்னிரண்டு வாரம். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் இறங்குகிறது என்பது உண்மை. இத்தாலியில் குண்டான குழந்தைகளுக்கு எட்டு வகை பாக்டீரியாக் கலவையை நாலு மாதம் கொடுத்ததில் ஸ்கேனிலும் நல்ல மாற்றம் தெரிந்தது, 2014இல். ஆனால் பெரியவர்களிடம், ஒரு வருஷ அளவுக்கு, ஈரல் கொழுப்பை எம்.ஆர்.ஐ. முறையில் அளந்து செய்த ஆய்வு இங்கிலாந்தில் சௌதாம்ப்டனில் நடந்தது. 104 பேர். பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக நார்ச்சத்தும், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத பொடி. 2020இல் முடிவு வந்தது. மலத்தில் பாக்டீரியாக் கூட்டம் மாறியிருந்தது. ஈரலில் கொழுப்பு மருந்தால் குறையவில்லை, தழும்பின் அடையாளங்களும் அசையவில்லை. கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆரோக்கியமானவர் மலத்தையே எடுத்து நோயாளிகளின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சிலருக்குக் குடல் கசிவு குறைந்தது. ஈரல் கொழுப்பு ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது.

அப்படியானால் உங்கள் எஸ்.ஜி.பி.டி. ஏன் 17 இறங்கியது? கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: எடை 70இல் இருந்து 68, மாலைப் பலகாரம் நின்றது. ஆச்சி, பந்தயம் ஓடியது நீங்கள், மாலை விழுந்தது டப்பாவுக்கு. ஈரல் கொழுப்பைப் பொறுத்தவரை இரண்டு கிலோ எடை குறைவது என்பது சாதாரணம் இல்லை. இன்னொன்று, எஸ்.ஜி.பி.டி. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் சுபாவம் உடையது. 78, 61 என்று இரண்டே எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருந்துக்கும் சான்றிதழ் எழுத முடியாது.

நானே ஒரு மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவன்தான். எங்கள் கிளினிக்கில் புது ஸ்கேன் மிஷின் இறக்கிய அன்று, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வயிறு தேவைப்பட்டது. கிடைத்தது என் வயிறு. ஜெல்லைத் தடவி வலப்பக்கம் வைத்ததும் டெக்னீஷியன் தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். திரையில் வலது சிறுநீரகமும் ஈரலும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சாதாரணமாக இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எனக்குச் சிறுநீரகம் கறுப்பாகவும், ஈரல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியும் இருந்தது. “டாக்டர், உங்களுக்கு…” என்றார். தெரிகிறதப்பா என்றேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்த சாம்பிள் மேஜையில் கிடந்தது, ஊருக்கு உபதேசம் செய்கிற வெட்கத்தில் அதையே ஆரம்பித்தேன். வயிற்று உப்புசம் குறைந்தது. ஈரல் அசையவில்லை. மூன்று மணிக்குக் காபியோடு வரும் சீயத்தையும் பாலில் ஊறிய பணியாரத்தையும் விட்ட பிறகுதான் அசைந்தது. அதற்கு எட்டு மாதம் ஆனது.

இந்தக் ‘கிரேடு’ என்பதும் அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்து எழுதுவதுதான். சிறுநீரகத்தைவிட ஈரல் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் 1, ஈரலுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கினால் 2, பின்பக்கமே தெரியாவிட்டால் 3. எவ்வளவு கொழுப்பு என்று ஒரு உத்தேசம் கிடைக்கும். தழும்பு இருக்கிறதா என்று அது சொல்லாது. கிரேடு 1 என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவரிடம் தழும்பைப் பார்த்திருக்கிறேன். கிரேடு 3 என்று அழுதுகொண்டு வந்தவரிடம் தழும்பே இல்லாததையும் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் ஈரலுக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பைவிடத் தழும்புதான்.

நீங்கள் கேட்காத கேள்வி இதுதான்: எனக்குத் தழும்பு இருக்கிறதா?

அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. காசு செலவில்லை, கால்குலேட்டர் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும்: 54 பெருக்கல் 52, 2,808. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டால் 210. எஸ்.ஜி.பி.டி. 78க்கு வர்க்கமூலம் 8.83. இந்த இரண்டையும் பெருக்கினால் 1,854. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.51. இது 1.3க்குக் கீழே இருந்தால், பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, எடையைப் பாருங்கள் என்று அனுப்பிவிடலாம். 2.67க்கு மேலே போனால் உடனே ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுடையது நடுவில் நிற்கிறது. பயப்படுகிற எண் இல்லை, பார்க்காமல் விடுகிற எண்ணும் இல்லை. (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதிலாக 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும், வயதே கணக்கை ஏற்றிவிடும். வீட்டில் பெரியவர்கள் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.)

நடுவில் நிற்பவர்களுக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை. மூன்று மணி நேரம் வெறும் வயிறு, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்துத் தட்டுவார்கள், பத்து நிமிஷ வேலை. ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை கிலோபாஸ்கலில் சொல்லும். 8க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மதுரையிலும் திருச்சியிலும் எடுக்கலாம்.

இனி மருமகள் பேச்சு. வீட்டுத் தயிர் நல்ல உணவு. ஆனால் மருந்து என்ற பொருளில் புரோபயாடிக் இல்லை. குறிப்பிட்ட வகை பாக்டீரியா, குறிப்பிட்ட அளவில், உயிரோடு போய், பலன் தருவதாக நிரூபணமானால்தான் அந்தப் பெயர். நம் உறை மோரில் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். வயிற்று அமிலத்தில் பெரும்பகுதி மடியும். மோர்க்குழம்பில் கொதித்தால் மொத்தமும் போயிற்று. இட்லி மாவில் புளிக்கும் பாக்டீரியாவும் அப்படித்தான், ஈட்டில் வைத்ததும் கதை முடிந்தது. ஆனாலும் மத்தியானம் ஒரு டம்ளர் நீர்மோர் நல்லதுதான்: பன்னீர் சோடாவும் சர்க்கரை போட்ட ஜூஸும் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

பழைய சோறு சுவாரசியமான விஷயம். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. 2023இல் சீனாவில் 200 நோயாளிகளை வைத்து இந்தச் செரிக்காத மாவை நாள்தோறும் 40 கிராம், நாலு மாதம் கொடுத்துப் பார்த்ததில் ஈரல் கொழுப்பு உண்மையாகவே குறைந்தது. மாத்திரை சாதிக்காததைத் தீனி சாதித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உடனே பானையை எடுத்துவிடாதீர்கள். ஆறிய சோறு 100 கிராமில் இந்த மாவு ஒன்று, ஒன்றரை கிராம்தான். 40 கிராம் வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று கிலோ சோறு ஆகும். ஈரல் இளைப்பதற்குள் நாம் என்ன ஆவோம்! ஒரு சின்னக் கிண்ணம், சின்ன வெங்காயத்தோடு, காலையில் இட்லிக்குப் பதிலாக என்றால் சாப்பிடுங்கள். இட்லிக்குப் பிறகு என்றால் வேண்டாம்.

நல்ல பாக்டீரியா உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது. அதற்கு வேண்டியது நார்ச்சத்து. அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிக்கும், குடலின் உள்தோலுக்கு அதுதான் சாப்பாடு. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும். வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூட இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏழு கிராம். பார்த்தீர்களா, சுண்டல் எங்கே நிற்கிறது! நம் சமையலில் இதற்கு வெளியூரில் இருந்து எதுவும் வரவழைக்க வேண்டியதில்லை. வெண்டைக்காய் மண்டி, வாழைத்தண்டுக் கூட்டு, கொத்தவரங்காய், கீரை மசியல், பாசிப்பயறு. கும்மாயம்கூடப் பருப்புதான், ஆனால் அதில் இறங்கும் வெல்லமும் நெய்யும் பருப்பின் புண்ணியத்தைக் கழித்துவிடும். கவுனி அரிசியும் அப்படியே. தவிடு போகாத நல்ல அரிசி, பர்மாவில் இருந்து கொண்டுவந்தவர்களுக்குக் கும்பிடு. அதில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் கலந்து ‘கறுப்பு அரிசி, உடம்புக்கு நல்லது’ என்று இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறோமே, அதற்கு அரிசி பொறுப்பில்லை. நாரை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், முதல் பத்து நாள் வாயு தொல்லை கொடுக்கும்.

நெய்யையும் எண்ணெயையும் நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் ஈரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புச் சதையில் இருந்து கரைந்து ரத்தம் வழியாக வருவது. கால் பங்கு, சர்க்கரையையும் மாவையும் வைத்து ஈரல் தானே தயாரிப்பது. சாப்பிட்ட எண்ணெய், நெய்யில் இருந்து நேரே போய்ச் சேர்வது சுமார் 15 சதவீதம்தான். நெய்யை நிறுத்திவிட்டுச் சோற்றையும் வெல்லத்தையும் தொடர்ந்தால், பின்வாசலைப் பூட்டிவிட்டு முன்வாசலைத் திறந்து போட்ட கதை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், எதுவானாலும் ஈரலுக்கு ஒன்றுதான்.

உங்கள் தொழிலில் இது சிரமம் என்று தெரியும். ஈட்டுக்கு ஒன்று வாயில் போட்டுப் பார்க்காமல் யார் பலகாரம் கொடுப்பார்கள்? ஆனால் யோசித்துப் பாருங்கள். அதிரசப் பாகுக்குப் பதம், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பது, நாக்கில் பார்ப்பதில்லை. தேன்குழல் மாவில் உப்பு போதுமா என்பதற்கு நுனிநாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பினால் தெரியும். வெந்ததா என்பதை எண்ணெய்ச் சத்தம் அடங்குவதை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். அப்புறம் வாய்க்குள் போவது எதற்கு? கைப்பழக்கம். உடைந்த மணகோலத்தைத் தட்டில் ஒதுக்கி, வேலை முடிந்ததும் சாப்பிடுகிறோமே, அதுவும் அதேதான். என்னிடம் வரும் பலகாரக்கார அம்மா ஒருவர் உடைசலை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடை போட்டார். ஒரு வாரத்தில் முக்கால் கிலோ வந்தது. டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, “இதை முன்பு நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்” என்றார். அந்த டப்பாவைவிடப் பெரிய மருந்துச் சீட்டு நான் எழுதியதில்லை.

எடைக் கணக்கு இது. ஆரம்பித்த 70 கிலோவில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைந்தால் கொழுப்பு இறங்கும். 7 சதவீதம், சுமார் 5 கிலோ இறங்கினால் வீக்கம் குறைய ஆரம்பிக்கும். 10 சதவீதம் என்றால் தழும்பே பின்வாங்கலாம். இரண்டு கிலோ வந்துவிட்டீர்கள். 65இல் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு 63க்குப் போகலாம், ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் இல்லாத கல் வந்துவிடும். நடையைப் பற்றி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் வருஷத்தில் ஒரு வாரம் நடந்துவிட்டு மீதி 51 வாரம் அடுப்படியில் மணையில் உட்கார்ந்திருந்தால் ஈரல் அதை மறந்துவிடும். வாரம் 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில்.

சில்லறைச் சங்கதிகள். காபி நல்லது, இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது, சர்க்கரை இல்லாமல் என்றால். ரத்தக் கொழுப்புக்கு ஸ்டேடின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ‘ஈரல் கெட்டுவிடும்’ என்று நிறுத்தாதீர்கள். இந்த நோய்க்காரர்களுக்கு ஈரலைவிட இதயம்தான் அதிக ஆபத்து. ‘ஈரலைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கும் மூலிகைக் கஷாயம், பொடி வேண்டாம். சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

புரோபயாடிக்கை நான் ஒரேயடியாகத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். குடலைக் கவனித்தால் ஈரல் நோயாளி பிழைப்பார் என்பதை நாங்கள் தினமும் வார்டில் பார்க்கிறோம். சிரோசிஸ் முற்றி, குடலில் உண்டாகும் அம்மோனியா மூளைக்கு ஏறிப் பிதற்றுகிறவருக்கு லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப்பையும் குடலை விட்டு வெளியே போகாத ஒரு ஆன்டிபயாட்டிக்கையும் கொடுத்தால், மறுநாள் காலையில் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது வேறு கட்டம், வேறு மருந்து. அதே சமயம் புரோபயாடிக் எல்லோருக்கும் தீங்கில்லாதது என்பதும் சரியல்ல. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கொடுத்தவர்களில்தான் இறப்பு அதிகம், 16 சதவீதம், கொடுக்காதவர்களில் 6. 2008இல் வந்த முடிவு அது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. உங்களுக்கு அப்படி ஒன்றுமில்லை, சாப்பிட்டதால் கெடுதலும் இல்லை. பணம்தான் போயிற்று.

மகனிடம் வருத்தப்படாமல் சொல்லுங்கள், அவர் அக்கறையில் குறை இல்லை. அடுத்த டப்பாவுக்கு எடுத்து வைத்த காசை ஃபைப்ரோஸ்கேனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். கிரேடு வேண்டாம், கிலோபாஸ்கல் எத்தனை என்ற எண் மட்டும் போதும். கூடவே இடுப்பளவும்.